மழை வந்தால் ட்ரிப்பர் விழுகிறது: கோத்தகிரிப் பக்கம் நம்பகமான எலக்ட்ரீஷியனை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டபெட்டு மகள்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் வழியில் கட்டபெட்டுக்கு அருகே எங்கள் வீடு இருக்கிறது. என் தாயாருக்கு 76 வயது. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து வீட்டில் அடிக்கடி மின்சாரம் நின்றுபோகிறது. பக்கத்து வீடுகளில் விளக்கு எரிகிறது, எங்கள் வீட்டில் மட்டும் ட்ரிப்பர், அதாவது மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி, விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் கீசரைப் போட்ட சில நொடிகளில் இது நடக்கிறது.

சென்ற வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் எத்தனை முறை தூக்கிவிட்டும் அது நிற்கவில்லை. கைபேசியில் தேடி, இருபத்துநான்கு மணி நேர சேவை என்று போட்டிருந்த இரண்டு எண்களை அழைத்தேன். இரண்டையும் கோயம்புத்தூரில் யாரோ எடுத்தார்கள். ஒருவர் மறுநாள் மதியத்துக்கு மேல் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மற்றவருக்குக் கட்டபெட்டு எங்கே இருக்கிறது என்றே விளங்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டார் சொன்ன ஒருவர் கொட்டும் மழையில் பத்து மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வந்ததற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மலையில் ஈரம் அதிகம், இந்தக் கருவி இங்கே சரிப்படாது" என்று சொல்லி, ஆர்.சி.சி.பி.யிலிருந்த ஒயர்களைக் கழற்றி நேராக இணைத்துவிட்டார். கீசரின் காயில் போய்விட்டது, புதிய கீசர் வாங்குங்கள் என்றும் சொன்னார். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து மின்சாரம் நிற்கவில்லை. இருந்தாலும் அம்மா குளியலறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அவர் செய்தது சரிதானா? புதிய கீசர் வாங்கத்தான் வேண்டுமா? இந்தப் பகுதியில் நல்ல எலக்ட்ரீஷியனை எதை வைத்து அடையாளம் காண்பது?

குன்னூர் மின்கம்பியாள்

அம்மா, மற்றதெல்லாம் பிறகு. ஆர்.சி.சி.பி. திரும்ப இணைக்கப்படும் வரை அந்தக் கீசரைத் தொடாதீர்கள். மெயின் பெட்டியில் அதற்குரிய எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். உங்கள் மனம் பதறுவதில் தவறே இல்லை.

நான் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மின்கம்பியாள் சான்றிதழ் பெற்று, குன்னூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் 22 வருடங்களாக வேலை செய்கிறேன். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமென்றால் அந்த அளவைத் தாண்டி மின்சாரம் ஓட வேண்டும். ஒரு மனித உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. உள்ளே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொருத்தும் வகையில் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். அது மழையில் விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்றுதான் அர்த்தம். மலையில் ஈரம் அதிகம் என்பது உண்மைதான். அந்த ஈரத்தினால்தான் சமவெளியில் இருப்பவர்களைவிட நமக்கு இந்தக் கருவி அதிகம் தேவைப்படுகிறது.

கீசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீசரைப் போட்டதும் விழுகிறது என்பதற்காகக் கீசர்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. வீட்டில் எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் ஒயர் நனைந்த இரும்பையோ மண்ணையோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விளக்கு மட்டும் எரியும்போது திரும்பி வரும் மின்னோட்டமே மிகக் குறைவு, அதில் மண் வழியாகப் பிரிந்து போவது அதைவிடக் குறைவு, ஆகவே கருவி பொறுத்துக்கொள்ளும். 2000 வாட் கீசரைப் போட்டதும் ஏறத்தாழ 9 ஆம்பியர் திரும்பி வரும். அதில் சிறு துளி மண் பக்கம் பிரிந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். குற்றம் வாசல் விளக்கில் இருக்கும், பழி கீசர்மேல் விழும். இப்படிப் பழி சுமந்து தூக்கி எறியப்பட்ட நல்ல கீசர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க வருபவர் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் மட்டும் போதாது. ஏனென்றால் வீடுகளில் உள்ள பெரும்பாலான எம்.சி.பி.க்கள் மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் ஃபேஸ் ஒயரை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரலைத் தொடாது. மெயினை அணைத்துவிட்டு, எல்லா நியூட்ரல் ஒயர்களும் சேரும் நியூட்ரல் லிங்கில் உள்ள ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் என்ற கருவியை வைத்து ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் பிரிவில்தான் கோளாறு இருக்கும். அதற்கு முன்பு டி.வி., மோடம் போன்றவற்றின் பிளக்கைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மெக்கர் கொண்டு வருவீர்களா?" என்பதுதான். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் மட்டும் பையில் வைத்திருப்பவரால் ஸ்விட்ச் மாற்ற முடியும். கசிவை அவர் ஊகிக்கத்தான் முடியும்.

வெலிங்டன் குடியிருப்பாளர்

எனக்குச் சொந்த ஊர் கோவை. வெலிங்டன் பக்கம் ஒரு சிறிய வீடு வாங்கி, மாதம் இரண்டு முறை வந்து தங்குகிறோம். மெக்கரைப் பற்றிச் சொன்னது எனக்கும் புதிய தகவல், நன்றி. ஆனால் கட்டணத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே. போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு எம்.சி.பி. எரிந்துபோனது. வந்தவர் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு, பொருளின் விலை போக 800 ரூபாய் கேட்டார். கோவையில் இதே வேலைக்கு 250 ரூபாய்தான் கொடுப்பேன். வெளியூர்க்காரர்கள் என்றால் என்ன கேட்டாலும் கொடுப்பார்கள் என்ற எண்ணம் இங்கே இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

குன்னூர் மின்கம்பியாள்

ஐயா, உங்கள் வருத்தத்தை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து நிலைமையையும் கேளுங்கள். அந்தப் பத்து நிமிட வேலைக்காக அவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டீர்களா? இரவு ஒன்பது மணிக்குத் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் பனிமூட்டத்துக்குள் வண்டி ஓட்டினால், வளைவில் காட்டு மாடு நிற்பது பத்தடிக்கு முன்னால்தான் தெரியும். என்னோடு தொழில் செய்த ஒருவர் அப்படி முட்டுப்பட்டு நான்கு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். கரடி நடமாட்டம் உள்ள ஊர்களுக்கு நான் இருட்டிய பிறகு தனியாகப் போவதையே நிறுத்திவிட்டேன். கொண்டுபோன எம்.சி.பி. பொருந்தவில்லை என்றால், கடைகள் அடைத்த நேரத்தில் இன்னொன்று வாங்கவும் வழியில்லை. அதனால் நாலைந்து அளவுகளைச் சொந்தப் பணத்தில் வாங்கிக் கையிருப்பில் வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு நாள் மட்டும் வருகிறவர்களிடம் பாக்கி நின்றுபோனால் அதை வசூலிக்கவும் முடிவதில்லை.

ஆனால் தொகையைத் தொலைபேசியிலேயே அவர் சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தவறு எங்கள் தரப்பில் உண்டு. நான் அழைப்பை எடுத்ததுமே, இரவில் வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, வேலைக்கும் பொருளுக்கும் தனி என்று சொல்லிவிடுவேன். சம்மதம் என்றால்தான் வண்டியை எடுப்பேன்.

வெலிங்டன் குடியிருப்பாளர்

காட்டு மாட்டைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. அவர் முன்பே சொல்லியிருந்தால் நிச்சயமாகச் சம்மதித்திருப்பேன். இனி நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மின்வாரியத்தான்

மின்வாரியத்தில் நீலகிரி மாவட்டத்திலேயே 31 வருடம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். எலக்ட்ரீஷியனை அழைப்பதற்கு முன்பு, இது எலக்ட்ரீஷியனின் வேலையா, வாரியத்தின் வேலையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பாதி இரவு அழைப்புகள் தேவைப்படாது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டிய பிறகு வீட்டுக்காரரின் பொறுப்பு. அக்கம்பக்கத்திலும் இருட்டாக இருந்தால் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு, மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். அருகில் உள்ள கம்பத்தின் எண்ணையும் குறித்து வைத்திருந்தால், இருட்டில் தேடி வரும் பணியாளருக்கு அது பெரிய உதவி. உங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.க்களும் விழாமல் நிற்கின்றன என்றால், அப்போதும் வாரியத்தைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அவசரத்துக்கு வந்த தனியார் எலக்ட்ரீஷியனைக் கம்பத்தில் ஏறச் சொல்வதும், வாரியத்தின் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் போடச் சொல்வதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிச் சொல்பவர் ஒரு குடும்பத்தின் வாழ்வோடு விளையாடுகிறார் என்றே நான் சொல்வேன்.

ஒரு கோளாறை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சில விளக்குகள் கண்கூசும்படி எரிந்து, சில விளக்குகள் மங்கினால், அல்லது மின்விசிறி திடீரென்று வெறிகொண்டது போலச் சுற்றினால், பெரும்பாலும் வெளியே நியூட்ரல் கம்பி அறுந்திருக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். யாரையும் அழைப்பதற்கு முன்பு மெயினை அணைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியும் டி.வி.யும் நிமிடங்களில் போய்விடும்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லிருந்து இயங்கும் மாவட்டத்தில், குந்தாவிலும் மின்சாரம் உற்பத்தியாகும் மாவட்டத்தில், ஏன் இப்படி மின்தடை என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. அணை அருகே இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு ஒயர் வருவதில்லை. துணை மின் நிலையங்களைத் தாண்டி, காட்டுக்குள்ளும் சோலைக்குள்ளும் கற்பூர மரங்களுக்கும் சீகை மரங்களுக்கும் நடுவேயும் வரும் கம்பிகள் அவை. 2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, மண்ணோடு பெயர்ந்து வந்த மரங்களை வெட்டி ஒதுக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு கம்பமாக எங்கள் ஆட்களால் நிமிர்த்த முடிந்தது.

இதனால்தான் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாரிய மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் ஒன்றோடொன்று சேராமல் மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரின் ஒயரை நேராக வீட்டு பிளக்கில் செருகாதீர்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, உயர் அழுத்தமாக மாறிக் கம்பிக்குப் போகும். மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பிக் கம்பத்தின்மேல் இருப்பவர் அதில் மாட்டிக்கொள்வார். விடுதி நடத்துபவர்கள் இதைத் தங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பதில் சொல்பவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

வில்பட்டி தோட்டம்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இங்கும் இதே கதைதான். 2018 நவம்பரில் கஜா புயல் மலைமேல் ஏறியபோது எங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. திரும்ப வந்தபோது ஒரே நேரத்தில் எல்லா வீடுகளிலும் கோளாறு. ஊரில் இருந்த சில எலக்ட்ரீஷியன்கள் யார் வீட்டுக்கு முதலில் போவார்கள்? ஏற்கெனவே தெரிந்த வீட்டுக்குத்தான் போனார்கள். நாங்கள் ஆறு நாள் காத்திருந்தோம்.

அதன் பிறகு நாங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். கோடைமழை தொடங்கும் முன்பு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவரைக் கூப்பிட்டு வீடு முழுவதையும் காட்டுகிறோம். அவர் எர்த் குழியைப் பார்ப்பார், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பார், எலி கடித்த ஒயரைத் தேடிப் பரண்மேல் ஏறுவார். அதற்கு அரை நாள் கூலி கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் எந்த ஒயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்பது இப்போது அவர் மனத்தில் இருக்கிறது. இரவில் அழைத்தாலும் பாதிக் கோளாறைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார். வந்தே ஆக வேண்டும் என்றால், நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் அவரை அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவேன். இந்த ஊரில் இருட்டிய பிறகு சாலையில் காட்டு மாடு நிற்காத நாள் குறைவு.

கூடலூர் ஆசிரியை

தகரக் கூரை போட்ட வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில்தான் எங்களுக்குப் பெருமழை. எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் வீட்டில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் காற்றில் ஆடி, கூரைத் தகரத்தின் விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து, கூரை முழுவதிலும் மின்சாரம் பாய்ந்திருந்தது. கூரைச் சட்டத்தில் கட்டியிருந்த கொடிக்கம்பியில் ஈரத் துணியைப் போடப் போன அவள் பாட்டி தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம். அந்த ஒயர் மீட்டருக்கு முன்னால் இருப்பதால் வீட்டு ஆர்.சி.சி.பி. அங்கே காப்பாற்றாது. ஆகவே எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வரும்போது உள்ளே மட்டும் பார்க்க விடாமல், வெளியே நின்று கூரையையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கொடிக்கு நைலான் கயிறு கட்டுங்கள்.

கட்டபெட்டு மகள்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

கோத்தகிரி கடைத்தெருவில் எலக்ட்ரிகல் சாமான் விற்கும் ஒருவரிடம், "உங்களிடம் மெக்கர் வைத்திருக்கும் ஆள் யாராவது சாமான் வாங்குகிறார்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, பக்கத்து ஹட்டியை (படகர் கிராமத்தை)ச் சேர்ந்த ஓர் இளைஞரின் எண்ணைக் கொடுத்தார். ஐ.டி.ஐ. படித்து, மின்கம்பியாள் சான்றிதழும் வைத்திருப்பவர். தொலைபேசியில் நான் கேட்பதற்கு முன்பே வந்து பார்ப்பதற்கான தொகையைச் சொன்னார். ஞாயிறு காலையில் வந்து, வேலையைத் தொடங்கும் முன்பு அம்மாவிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த நேரத்தில் விழுகிறது, மழை நின்ற எத்தனை மணி நேரத்தில் சரியாகிறது, கடைசியாக வீட்டில் யார் என்ன வேலை செய்தார்கள் என்றெல்லாம் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டில் விளக்கு போட்டது அப்போதுதான் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது.

குன்னூர் அண்ணா சொன்னது அப்படியே சரியாக இருந்தது. கீசர் பிரிவை மெக்கரில் சோதித்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. கேட் விளக்குக்குப் போகும் பிரிவின் நியூட்ரல்தான் கசிந்தது. இரும்புக் குழாய்க்குள் போன ஒயரை நடுவில் ஒட்டுப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். குழாயைச் சாய்த்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. ஒட்டு இல்லாத புது ஒயரைப் பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, மழை இறங்காத ஜங்ஷன் பெட்டி வைத்துக் கொடுத்தார். எர்த் கம்பி குழிக்குள் துருப்பிடித்து அறுந்திருந்ததையும் அவரே கண்டுபிடித்து மாற்றினார். ஆர்.சி.சி.பி. பழையபடி இணைக்கப்பட்டது, டெஸ்ட் பொத்தானை என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய் ஆனது. அதன் பிறகு மூன்று நாள் விடாமல் மழை பெய்தும் ஒருமுறைகூட விழவில்லை.

முதலில் வந்தவரின் பெயரை வெளியிடும்படி தனிச்செய்தியில் சிலர் கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்ட குரலுக்கு மழையில் வந்தவர் அவர்.

கூடலூர் ஆசிரியை

உங்கள் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனாலும் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், அம்மா. அடுத்த வீட்டிலும் அவர் அதையே செய்தால், அங்கே குளிக்கப் போகிறவருக்கு உங்களுக்குக் கிடைத்த இந்த ஆலோசனை கிடைக்காமல் போகலாம்.

கட்டபெட்டு மகள்

நீங்கள் சொல்வது சரிதான். நாளைக்கே அவரை அழைத்து, கேட் விளக்கில் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். இன்னொரு சந்தேகம். நான் இல்லாத நேரத்தில் மறுபடி விழுந்தால் அம்மா என்ன செய்ய வேண்டும்?

குன்னூர் மின்கம்பியாள்

கால் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரே ஒருமுறை தூக்கிவிடச் சொல்லுங்கள். மறுபடி விழுந்தால் இரண்டாவது முறை அதன்மேல் கை வைக்கவே கூடாது. எரிந்த வாசனை வந்தாலோ, பெட்டியில் கருகல் தெரிந்தாலோ, முதல் முறைகூட வேண்டாம். இருட்டில் அவர் தடுமாறாமல் இருக்க, பெட்டிக்கு அருகே சார்ஜ் போட்ட ஒரு டார்ச் தொங்கட்டும். எம்.சி.பி. ஒவ்வொன்றுக்கும் கீழே எது எதற்கு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி, மின் இணைப்பு எண், கம்பத்தின் எண், மின்னகத்தின் எண், அந்த ஹட்டிப் பையனின் எண் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அவருடைய எண்ணை உங்கள் எண்ணுக்கு மேலே எழுதுங்கள், அம்மா. நீங்கள் வேலையிலிருந்து வந்து சேர்வதற்குள் அவர் வந்துவிடுவார்.